பொட்டலம் வந்த கடைகள்

திருமண நாள் வந்தால் கோயிலில் அர்ச்சனை செய்வதும், கூடுதலாக இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதும் நம்மிடம் பழகிப்போன வழக்கம். அண்மைக் காலமாக இன்னொரு வகைப் பயணமும் சேர்ந்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டுச் சாப்பிட வேண்டிய கடைகளை எழுதிக்கொண்டு, காலைக் காபி இந்த ஊரில், மத்தியானச் சாப்பாடு அந்த ஊரில், ராத்திரி பரோட்டா வேறொரு ஊரில் என்று போகிற பயணம். வெறும் நாக்கு ருசி என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வட்டாரத்தின் மண், தண்ணீர், வியாபாரம், குடிபெயர்ந்து வந்தவர்கள், கெட்டுப்போன காலம், நல்ல காலம் எல்லாம் அதன் சாப்பாட்டுக் கடைகளில் இருக்கின்றன. அதோடு, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரில் யாரும் சமைக்காமல், யாரும் பரிமாறாமல், ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுந்திருக்கிற இடமும் ஹோட்டல்தான். நம் வீடுகளில் அது பண்டிகை நாளில்கூட நடப்பதில்லை. திருமண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கடைகளின் பட்டியலை யார் போடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டியலைக் கணவர் போட்டால், அதில் அவர் கல்லூரி நாளில் கூட்டாளிகளோடு போன மெஸ், முதல் சம்பளத்தில் விருந்து வைத்த பிரியாணிக் கடை, இரண்டாம் ஆட்டம் சினிமா முடிந்து நின்று சாப்பிட்ட ரோட்டோரக் கடை எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். இவை அவர் உட்கார்ந்து சாப்பிட்ட கடைகள். முதலாளி முகம் தெரியும், எந்த மேசைக்கு மேல் மின்விசிறி ஓடும் என்பதும் தெரியும். மனைவியிடம் அவருடைய ஊரில் பிடித்த கடை எது என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பெண்களில், சிறு நகரங்களில் வளர்ந்த பலருக்குப் பிறந்த ஊரின் பேர்போன கடை என்பது அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ ராத்திரி ஒன்பது மணிக்குக் கையில் தூக்கிக்கொண்டு வந்த பொட்டலம். வாழை இலைக்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் சணல் நூல். சால்னா தனியாக நெகிழிப் பையில் முடிச்சுப் போட்டு வந்திருக்கும். கடை சாயங்காலம்தான் திறக்கும், சூடுபிடிப்பது இருட்டிய பிறகு. அந்த நேரத்தில் வயதுக்கு வந்த பெண் பிள்ளையைப் பரோட்டாக் கடைக்கு யார் அழைத்துப் போனார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேறு ஊருக்கு வந்து, மாமியார் வீட்டுக் குழம்பின் புளிப்பையும் காரத்தையும் கற்றுக்கொண்டார். பிறந்த ஊரின் கடை பொட்டலமாகவே நின்றுபோனது. திருமண நாள் சாப்பாட்டுப் பயணம் முதலில் போக வேண்டியது அந்தக் கடைகளுக்குத்தான் என்பது என் வாதம்.

இதை வெறும் நியாயக் கணக்காக மட்டும் நான் சொல்லவில்லை. பண்டத்தின் கணக்கும் இதில் இருக்கிறது. பொட்டலத்தில் ஏறினால் கெட்டுப்போகிற பண்டங்கள், கெடாத பண்டங்கள் என்று நம் ஊர்த் தின்பண்டங்களைத் தெளிவாக இரண்டாகப் பிரித்துவிடலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, தூத்துக்குடி மக்ரூன், பழனிப் பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆகியவை பயணம் செய்வதற்கென்றே பிறந்தவை. சந்தைக்கும், ரயிலடிக்கும், திரும்பிப் போகும் பக்தரின் பைக்கும் ஏற்றபடி உருவானவை. இவற்றுக்காக ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் அவ்வளவாக இல்லை. பரோட்டாவின் கதை வேறு. கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அடித்து அடுக்கைப் பிரிக்கிறார்களே, அந்த நிமிடத்திலிருந்து அதற்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். இலையில் வைத்துக் கட்டியதும் தன் ஆவியிலேயே வியர்த்து, மேல் அடுக்கின் மொறுமொறுப்பு போய், வீட்டுக்கு வரும்போது தோல் மாதிரி ஆகியிருக்கும். டிகிரி காபியின் நுரையைக் கட்டிக் கொடுக்க முடியாது. ஜிகர்தண்டாவை வீடுவரை கொண்டுவந்தால் அது வெறும் பால். ஆக, பொட்டலத்தில் மட்டும் அறிந்தவர் அந்தப் பண்டத்தை இன்னும் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு பேச்சுக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவர் கும்பகோணம், மனைவி செங்கோட்டைப் பக்கம். இருவரும் இருபத்தைந்தாம் திருமண நாளுக்கு அவர் ஊரில் தொடங்கி இவர் ஊரில் முடிக்கிறார்கள். கும்பகோணத்தில் தொடங்குவதில் வம்பே இல்லை, காபியில் தொடங்கலாம். கும்பேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மங்களாம்பிகா விலாஸ் மாதிரியான பழைய காபி ஹோட்டல்கள் இன்னும் அந்த ஊரில் நடக்கின்றன. தண்ணீர் கலக்காத பால், முதல் டிகாக்ஷன், பித்தளை டவரா. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா கிடைத்தால் விடக்கூடாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இந்தத் தஞ்சாவூர்ப் பக்கத்து வெஞ்சனத்தை வேறு மாவட்டத்துக்காரர்கள் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்; எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது, விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். அங்கிருந்து திருவையாறு வந்தால் அசோகா. அதுவும் பாசிப்பருப்புதான். காலையில் கடப்பாவாகக் காரத்தில் வந்த அதே பருப்பு, காவிரிக் கரையில் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து இனிப்பாக நிற்கிறது. செங்கோட்டைப் பெண்ணுக்கு அல்வா என்றால் கோதுமைப் பால். கணவரின் ஊர் பருப்பைக் கிண்டி அல்வா ஆக்குகிறது என்பது அவருக்குத் திருமணம் ஆன முதல் வருடமே தெரிந்திருக்கும். ஏனென்றால், கணவரின் ஊர்ப் பண்டங்களை மனைவி அறிந்துவைத்திருப்பது நம் குடும்பங்களில் இயல்பாகவே நடந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் அப்படி நடப்பதில்லை. அதனால்தான் பயணத்தின் முதல் பாதியைச் சுருக்கி இரண்டாம் பாதிக்கு நாளைக் கூட்ட வேண்டும் என்கிறேன்.

நடுவில் காரைக்குடி வருகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'செட்டிநாடு' என்ற பெயர்ப்பலகை தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் தொங்கும். அதன் கீழே விற்கப்படுவது பெரும்பாலும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும். செட்டிநாட்டுச் சமையல் வீட்டுச் சமையல். நகரத்தார் வீடுகளின் வளவுக்குள், ஆச்சிமார் மேற்பார்வையில் வளர்ந்தது. அது வெளியாருக்குக் கிடைக்கத் தொடங்கியது தாமதமாகத்தான். 1999-ல் மீனாட்சி மெய்யப்பன் காரைக்குடியில் 'தி பங்களா'வைத் தங்கும் விடுதியாக்கி, வாழை இலையில் பந்தி முறையில் மத்தியானச் சாப்பாடு போடத் தொடங்கினார். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், விலையும் மெஸ் விலை இல்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் அதற்கு ஓர் இடம் கொடுப்பேன். பர்மாவில் வட்டித்தொழில் செய்துவிட்டு வந்தவர்களின் வீடுகளில் கவுனி அரிசி ஏன் கல்யாணப் பண்டம் ஆனது, இடியாப்பமும் பணியாரமும் ஒரே பந்தியில் எப்படி வருகின்றன என்பதெல்லாம் அங்கே இலையிலேயே தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய பேர்போன கடைகள் ஏறக்குறைய எல்லாமே ஆண்களின் பெயரில், ஆண்களின் கையில் இருப்பவை. ஒரு பெண்ணின் தீர்மானத்தில் நடந்து பெயர் வாங்கிய இடங்கள் அருமை.

மதுரைக்கு இருட்டியபின் போய்ச் சேருவது நல்லது. பகல் மதுரை கோயிலுக்கு, ராத்திரி மதுரை வயிற்றுக்கு. சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசையை முதலில் சொல்லியாக வேண்டும். தோசை மாவு, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி என்று மூன்று அடுக்காகக் கல்லில் வேகும் பண்டம். ஒரு ஆளுக்கு ஒன்று கனம். இரண்டு பேருக்கு ஒன்று அளவு. இந்த இரண்டு பேர் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வட்டாரக் கடைகளில் சாப்பிடுவதற்கு இருவர் என்பதே சரியான எண்ணிக்கை. தனியாகப் போனால் ஒன்றுக்கு மேல் ஆர்டர் செய்ய வயிறு இடம் கொடுக்காது. குடும்பமாக எட்டுப் பேர் போனால் சின்னக் கடையில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது, பிள்ளைகள் ஃபிரைடு ரைஸ் கேட்பார்கள், பெரியவர் ஒருவர் தயிர்சாதம் கேட்பார், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான ஒரு ஏசி ஹாலில் போய் உட்கார வேண்டிவரும். இருவர் போனால் பெஞ்சு ஓரம் போதும்; நான்கு பண்டம் வாங்கி ஆளுக்குப் பாதி சாப்பிடலாம். விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டாவை நின்றுகொண்டே குடித்துவிட்டு, பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் போதுமா போதாதா என்று விவாதித்துக்கொண்டே நடக்கலாம். உணவைப் பற்றி இருவர் மாறுபட்டுப் பேசுவதற்கு நம் வீடுகளில் இடமில்லை. சமைத்தவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். கடையில் சாப்பிடும்போது அந்தச் சங்கடம் இல்லை. உப்பு கம்மி என்று இருவரும் சேர்ந்தே சொல்லலாம்.

மதுரைக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் விருதுநகர். எண்ணெய் வியாபாரத்தில் செழித்த ஊரில் பரோட்டாவும் எண்ணெயில் குளித்துத்தான் வரும் என்பதில் ஆச்சரியமில்லை. வீசி அடித்த பரோட்டாவை எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். பர்மா கடையின் பெயரே சொல்கிறபடி, கடல் கடந்து போய்த் திரும்பியவர்களின் சுவடு இங்கும் இருக்கிறது. காரைக்குடிக்கு லேவாதேவியாக வந்த பர்மா, விருதுநகருக்குக் கடைப் பெயராக வந்திருக்கிறது. இந்த எண்ணெய்ப் பரோட்டாவைப் பொட்டலம் கட்டி வீட்டில் சாப்பிட்டவர்கள், இதில் என்ன இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சொல்வது நியாயம்தான். ஆறினால் அது எண்ணெய் குடித்த மைதா. சுடச்சுட, சால்னாவை ஓரத்தில் மட்டும் தொட்டு, மொறுமொறுப்பு அடங்குவதற்குள் சாப்பிட்டால் அதன் நியாயம் தெரியும். அங்கிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகிற பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்கிக்கொண்டு நகரலாம். உட்கார வேண்டிய அவசியமில்லை.

உட்கார வேண்டியது பிரானூரில். செங்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் இந்த இடத்தை உள்ளூர்க்காரர்கள் 'பார்டர்' என்றுதான் சொல்வார்கள். இன்றைய கேரள எல்லை அங்கே இல்லை, அது மலைப்பாதையில் மேற்கே இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பில் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் எல்லை நகர்ந்துவிட்டது. பழைய எல்லையில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. எல்லை என்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் பரோட்டாக் கடை வரும். ரஹ்மத் கடையும் அதை ஒட்டிய கடைகளும் இப்படி வளர்ந்தவை. சின்னப் பரோட்டா, அதன் மேல் ஊற்றும் சால்னா, மிளகு தூக்கலான நாட்டுக்கோழி, காடை. தேங்காயும் மிளகும் சேர்கிற விதத்திலேயே மலைக்கு அந்தப் பக்கத்துக் கை தெரியும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற கூட்டம் இதை நாடெங்கும் பேர்போக வைத்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த பெண்களுக்கு இது சென்னைக்காரர்களைவிடத் தூரமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றுலா வந்த பெண் தன் குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளூர்ப் பெண்ணுக்குப் பொட்டலம் போனது. வெளியூரில் யாருக்கும் முகம் தெரியாது, உள்ளூரில் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம். சொந்த ஊர்க் கடையில் உட்கார ஒரு பெண் வெளியூர்க்காரியாகத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. இருபத்தைந்தாம் திருமண நாள் அதற்குக் கொஞ்சம் தாமதமான தேதிதான், ஆனாலும் நல்ல தேதி.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். இப்போதெல்லாம் பெண்கள் போகாத கடையா, எல்லா ஹோட்டலிலும் குடும்பங்கள்தானே நிறைந்திருக்கின்றன என்பார்கள். உண்மைதான், பழைய நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆனால் மாற்றம் தானாக வரவில்லை. ஹோட்டலுக்குள் யார் உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் சண்டைக்குரிய கேள்வியாகவே இருந்திருக்கிறது. காபி ஹோட்டல்களில் சாதிவாரியாகத் தனி இடம் இருந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி தன்னுடைய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கக் கோரிப் பெரியார் நடத்திய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. பெண்களுக்காக அப்படி ஒரு போராட்டம் நடக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது 'ஃபேமிலி ரூம்'. மரத் தட்டி அடித்து, துணித் திரை தொங்கவிட்ட அந்த அறைக்குள் மின்விசிறி சுற்றினாலும் காற்று வராது, வெளியே என்ன சூடாக வந்திருக்கிறது என்றும் தெரியாது. பரோட்டா அடிக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது கூடத்தில் உட்கார்ந்தவர்களின் பாக்கியம். இன்று திரைகள் போய்விட்டன. கூடத்திலேயே, கல்லுக்கு எதிரே மனைவி உட்காரலாம். உட்காரலாம் என்று ஆனபின்னும் அவருடைய ஊர்க் கடை பட்டியலில் வராமல் போவது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் கிளைகளைப் பற்றியது. எல்லாம் சென்னையிலேயே கிடைக்கும்போது எதற்கு அலைய வேண்டும்? திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957-ல் ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையின் பெயரால் இன்று வெளிநாடுவரை கிளை பரப்பியிருக்கிறது. மதுரை முருகன் இட்லி சிங்கப்பூருக்குப் போய்விட்டது. நெடுஞ்சாலையில் எங்கே பார்த்தாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகையும் பித்தளை டம்ளர் அடுக்கும். கிளைகளை நான் குறைசொல்ல மாட்டேன். பல இடங்களில் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் கிளை என்பது ஒரு வகையில் பெரிய பொட்டலம்தான். பண்டம் மட்டும் வந்திருக்கிறது, அது பிறந்த சூழ்நிலை வரவில்லை. கும்பகோணத்தில் காபி கோயிலிலிருந்து திரும்பி வருகிறவருக்கானது; பார்டர் பரோட்டா மலை இறங்கி வருகிறவருக்கானது. அந்த நேரமும் அந்தப் பசியும் இல்லாமல், மாலில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது ருசி பாதிதான். சீரக சம்பா அரிசியை லாரியில் அனுப்பலாம், குற்றாலத்தில் குளித்து வந்த பசியை எப்படி அனுப்புவது?

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. பொட்டலத்தில் வந்ததுதான் அவருக்கு ருசி என்றால்? வியர்த்துப் போன பரோட்டாவில் சால்னா ஊறி, இலையின் வாசம் ஏறி, அப்பா கையால் பிரித்து வைத்ததைத்தான் அவர் இத்தனை வருடமும் நினைவில் வைத்திருக்கிறார். நேரில் போய் மொறுமொறுப்பாகச் சாப்பிட்டால் இது அது இல்லையே என்று ஏமாந்துபோக மாட்டாரா? ஏமாறலாம். பேர்போன கடைகள் பலவற்றுக்கும் இது நேர்கிறது. எதிர்பார்ப்பின் உயரத்துக்கு எந்தக் குருமாவும் எட்டாது. ஊறிய பரோட்டா ஒரு தனிப் பண்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆறிய பிறகு ருசி கூடுகிற புளியோதரை நம் சமையலில்தானே இருக்கிறது. ஆனால் இரண்டில் எது தனக்குப் பிடித்தது என்று சொல்வதற்கு இரண்டையும் சாப்பிட்டிருக்க வேண்டும். இதுவரை தேர்வு அவர் கையில் இல்லை, வீட்டுக்கு வந்ததைச் சாப்பிட்டார். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது இரண்டு பரோட்டா கட்டி வாங்கிக்கொண்டு, லாட்ஜுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்க்கட்டும். பொட்டலம்தான் ஜெயிக்கிறது என்று அவர் முடிவுசெய்தால் அந்தத் தீர்ப்பை ஏற்கத்தான் வேண்டும். கணவருக்கும் இதில் லாபம் உண்டு: மனைவி சிறுவயதில் சாப்பிட்டதை, அவர் சாப்பிட்ட பக்குவத்திலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

திருநெல்வேலியில் இந்த வாதம் இன்னும் நன்றாகத் தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். ராஜஸ்தானத்திலிருந்து வந்த சிங் குடும்பம் நடத்தும், நூறாண்டு கடந்த கடை. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டிய அல்வா. ஊரை விட்டு வெளியே போகும் அல்வா பெட்டிகளில், ஆறி இறுகி, ஓரத்தில் நெய் உறைந்துபோனதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது. கடை வாசலில் சூடாக இலையில் வாங்கினால் அது கையில் நிற்காது. மெல்ல வேலையே இல்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சூடுதான் முக்கால் காரணம் என்பது என் எண்ணம். ஊருக்குள் நின்றுகொண்டு இதைச் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. சொதியைப் பற்றிக் கேட்பீர்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்து, இஞ்சிப் பச்சடியோடு, கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு அது. திருமண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது. ஆனால் அது வீட்டுப் பண்டம். பெண்ணின் உறவினர் வீட்டில் சொல்லிவைத்துச் சாப்பிடுவதே முறை. எல்லாவற்றையும் கடையில் தேடக் கூடாது.

மற்ற ஆட்சேபங்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றால்? கும்பகோணமும் நெல்லையும் சைவத்துக்குக் குறைவைக்காத ஊர்கள். பிரானூரில் மட்டும் ஒருவர் பரோட்டாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டிவரும், சால்னாவைத் தொடாமல். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு? ஆளுக்குப் பாதி என்ற கணக்கு அதற்கும்தான். அல்வாவை நூறு கிராம் வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டால் மருத்துவர் கோபிக்க மாட்டார், அல்லது கொஞ்சமாகத்தான் கோபிப்பார். கோயிலுக்குப் போகாமல் திருமண நாளா என்று பெரியவர்கள் கேட்டால், மேலே சொன்ன கடைகளில் பாதி கோயில் வாசலில்தான் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கும்பேஸ்வரர், மீனாட்சி, ஆண்டாள், நெல்லையப்பர் நால்வரையும் பார்த்துவிட்டே சாப்பிடலாம். சில பெண்களுக்கு இந்தக் கடைகளில் எந்த ஆசையும் இருக்காது, நல்ல விடுதியில் யாரோ பரிமாறச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேண்டும் என்பார்கள். அதுவும் நியாயமான விருப்பம். கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்; கேட்காமலே அவருக்கு இது பிடிக்காது என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பட்டியலின் முதல் மூன்று பெயரை மனைவி எழுதட்டும். கடைகளின் விடுமுறை நாளை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்; பழைய கடைகள் நல்ல நாள், துக்க நாள் இரண்டுக்கும் ஷட்டரை இறக்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சாப்பாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். சாரல் பார்த்துவிட்டுப் பிரானூர் போக நினைத்தால் ஜூன், ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர்த்து வாரநாளில் போங்கள். ஞாயிறன்று குற்றாலத்துக் கூட்டம் அங்கேதான் இருக்கும். உட்கார இடம் கிடைக்காமல் கடைசியில் பொட்டலம்தான் வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.